மிளகு கொடுத்து வாங்கிய துப்பாக்கி: உதயகிரி முதல் நவல்பட்டு வரை

நம் சங்கத்தின் மாதக் கூட்டம் ஒன்றில் நடந்த சிறு சச்சரவு அன்பர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். பேச்சு எங்கெங்கோ சுற்றி ராணுவத் தளவாடத்தில் வந்து நின்றது. "நம்ம நாட்டுத் துப்பாக்கி ஆபத்துக்கு வெடிக்காது சார், வெளிநாட்டுச் சரக்குதான் சரக்கு" என்று ஓர் அன்பர் சிரித்துக்கொண்டே சொன்னார். பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். திருச்சி நவல்பட்டில் உள்ள துப்பாக்கித் தொழிற்சாலையில் பிட்டராக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தோப்பும்படியில் மகள் வீட்டோடு இருப்பவர். "என் கை பட்ட சாமான் ஐயா அது" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். டீ கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் மட்டாஞ்சேரி பஜாரில் என் கடைக்கே வந்துவிட்டார். "நயினாரே, நீங்கதான் பழைய புஸ்தகமெல்லாம் தேடிப் படிக்கிறவராச்சே. யார் சொன்னது சரின்னு நீங்களே எழுதுங்க" என்றார். அதன் விளைவே இக்கட்டுரை.

ஒரு நயினார் துப்பாக்கியைப் பற்றி எழுதலாமா என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சமந்தபத்திரர் இயற்றிய ரத்தினகரண்டக சிராவகாசாரம், ஆயுதங்களைப் பிறருக்கு எடுத்துக் கொடுப்பதையே இல்லறத்தார் விலக்கவேண்டிய பாவமாகச் சொல்கிறது. ஆகவே இந்தச் சரக்கை நான் விற்க முடியாது. வாங்கியவர், விற்றவர் கணக்கைப் புரட்டிப் பார்க்கத் தடை ஏதும் இல்லை என்று நினைக்கிறேன். அதுவுமல்லாமல், நான் நாற்பது வருஷமாகத் தொட்டுப் பிழைக்கும் மிளகுதான் இந்தக் கடற்கரையில் துப்பாக்கிக்கு விலையாக அளக்கப்பட்டது. அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

கொச்சிக் கோட்டையை 1663ல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் பிடித்தார்கள். அதன்பின் மிளகு வியாபாரத்தில் அவர்கள் கை ஓங்கி இருந்தது. தெற்கே அஞ்சுதெங்கில் ஆங்கிலேயர் இருந்தார்கள். 1729ல் பட்டத்துக்கு வந்த திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா இருவரையும் நன்றாக அளந்து வைத்திருந்தவர். தம் நாட்டு மிளகு யாருக்குப் போகவேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்க வேண்டும் என்றார். டச்சுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. விஷயம் யுத்தத்தில் முடிந்தது. 1741ல் குளச்சலில் டச்சுப் படை தோற்றுச் சரணடைந்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாக்கியஸ் தெ லனாய்.

பிடிபட்ட அந்நியனை மகாராஜா சிறையில் வாட விடவில்லை. தம் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்தில், புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையைத் தெ லனாய் கருங்கல்லால் பலப்படுத்தினார். அதற்குள்ளேயே ஒரு வார்ப்படசாலையும் அமைந்தது. பீரங்கியும் குண்டும் அங்கே வார்க்கப்பட்டன. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தாலே அந்த மதில் தெரியும்.

சரி, சொந்தமாக வார்க்கத் தொடங்கியாயிற்றே, வெளியே வாங்குவதை விட்டாரா? விடவில்லை. இங்கேதான் வியாபாரிக்கு ருசிக்கிற இடம் வருகிறது. 1753ல் மாவேலிக்கரையில் திருவிதாங்கூரும் டச்சுக் கம்பெனியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி மகாராஜா தம் கைவசம் இருந்த நாடுகளிலிருந்து 3,000 கண்டி மிளகை, கண்டி 65 ரூபாய்க்குத் தரவேண்டும். இனி ஜெயிக்கப்போகும் நாடுகளிலிருந்து 2,000 கண்டி, 55 ரூபாய் வீதம். கம்பெனியோ வருஷந்தோறும் 12,000 ரூபாய் மதிப்புள்ள யுத்த சாமான்களை மகாராஜாவுக்குச் சப்ளை செய்யவேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் யாரோடு சண்டை போட்டாரோ, அவரிடமே மிளகை விற்றுத் துப்பாக்கி வாங்குகிறார்!

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,000 கண்டி 65 ரூபாய் என்றால் 1,95,000 ரூபாய். அதில் யுத்த சாமான் 12,000 ரூபாய்க்குத்தான். நூற்றுக்கு ஆறு ரூபாய் சொச்சம். மகாராஜா தம் படையின் உயிரை அந்த ஆறு ரூபாயில் கட்டிப்போடவில்லை. டச்சுக்காரன் நாளைக்குக் கப்பல் வரவில்லை என்று கையை விரித்தாலும் உதயகிரியில் உலை எரியும். உலையில் வார்த்தது சரிப்படவில்லை என்றால் டச்சுச் சரக்கு கையில் இருக்கும். இரண்டு கடையில் கணக்கு வைத்திருப்பவனை எந்தக் கடைக்காரனும் ஏமாற்ற யோசிப்பான்.

அதே உடன்படிக்கை நம் கொச்சிக்கு என்ன செய்தது என்பதையும் சொல்லவேண்டும். திருவிதாங்கூர் படையெடுக்கும் மலையாள அரசர்களுக்குச் செய்துகொடுத்த வாக்குகளிலிருந்து விலகிக்கொள்வதாகக் கம்பெனி அதில் ஒப்புக்கொண்டது. கொச்சி ராஜாவுக்கு டச்சுக்காரரே துணை என்று 1663 முதல் இருந்த நம்பிக்கை, மாவேலிக்கரையில் ஒரு காகிதத்தில் முடிந்துபோயிற்று. அந்நியக் கோட்டையும் துப்பாக்கியும் தன் வாசலிலேயே இருந்தும் கொச்சி தனியாக நின்றது. பிறகு 1761ல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம் செய்து, அதன் படை உதவியோடுதான் சாமூதிரியின் ஆட்களைத் தன் மண்ணிலிருந்து வெளியேற்ற முடிந்தது. அந்தப் படையை நடத்தியவர்களில் தெ லனாயும் உண்டு.

உதயகிரிக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். உள்ளே இடிந்த தேவாலயத்தில் தெ லனாயின் கல்லறை இருக்கிறது. 1777ல் இறந்தார். கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் பிறந்து, திருவிதாங்கூருக்கு உழைத்து, தமிழ் எழுத்தின் கீழ் உறங்குகிறார். வலிய கப்பித்தான் என்று ஜனங்கள் அவரை அழைத்தார்கள். அங்கே நின்றபோது எனக்குப் பட்டது ஒன்றுதான். பட்டாளத்துக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவர், வார்ப்படசாலையைப் பார்த்துக்கொண்டவரும் அவர். வார்த்த பீரங்கி பிளந்தால் பக்கத்தில் நிற்கும் தம் ஆட்கள்தான் சாவார்கள் என்பது அவருக்குத் தெரியும். மறுநாள் காலையில் வார்ப்படசாலைக்குப் போய் உலைக்காரனைக் கேட்கவும் அவரால் முடியும். உலைக்கும் களத்துக்கும் நடுவில் ஓர் ஆள்தான்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். வெள்ளைக்காரன் காலத்தில் வங்காளத்தில் இஷாப்பூரில் ரைஃபிள் தொழிற்சாலை வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் நம் ஜவான் கையில் பழைய .303 லீ என்ஃபீல்டுதான். ஒவ்வொரு தடவை சுட்டபிறகும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளவேண்டும். 1962ல் பனிமலையில் சீனப்படை தானாகத் தோட்டா ஏறும் துப்பாக்கியோடு வந்தது. நம்மவர் போல்ட்டை இழுத்துக்கொண்டு நின்றார்கள். இதற்குமேல் விவரிக்க மனம் வரவில்லை. அதன்பின் பெல்ஜியம் நாட்டு எஃப்.என். துப்பாக்கியின் மாதிரியில் நம்மவர் செய்த 7.62 எஸ்.எல்.ஆர். படைக்கு வந்தது. 1966ல் திருச்சி நவல்பட்டில் தொழிற்சாலை எழுந்தது. எஸ்.எல்.ஆர். நல்ல துப்பாக்கி என்றே பலரும் சொல்கிறார்கள், ஆனால் நீளம், கனம். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த அமைதிப்படை ஜவான்கள் இதைத் தூக்கிக்கொண்டு, ஏ.கே.47 ஏந்திய புலிகளுக்கு எதிரே பனங்காட்டிலும் சந்துகளிலும் நின்றார்கள். கைக்கு அடக்கமான தானியங்கித் துப்பாக்கி எவ்வளவு அவசியம் என்பதை அங்கே கண்கூடாகப் பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில் புனேயில் உள்ள ஆராய்ச்சி நிலையம் இன்சாஸ் என்ற புதிய 5.56 மில்லிமீட்டர் துப்பாக்கியை வடிவமைத்துக்கொண்டிருந்தது. 1980களில் தொடங்கிய வேலை முடிவதாகக் காணோம். நடுவில் 1990ஐ ஒட்டி ஒரு லட்சம் ஏ.கே. வகைத் துப்பாக்கிகளை அவசரமாக வெளிநாட்டிலிருந்து வாங்கினார்கள். இன்சாஸ் ஒருவழியாக 1990களின் நடுவில் வந்தபோது அதற்குப் போதிய தோட்டா இங்கே தயாராகவில்லை. இஸ்ரேலிலிருந்து தோட்டா வாங்கினார்கள். துப்பாக்கி உள்நாடு, தோட்டா வெளிநாடு! உதயகிரி மகாராஜா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

1999ல் கார்கில். கடுங்குளிரில் இன்சாஸின் பிளாஸ்டிக் மேகஸின் விரிசல் விட்டது, சுடும்போது எண்ணெய் கண்ணில் தெறித்தது என்றெல்லாம் புகார்கள் வந்தன. பிறகு திருத்தங்கள் செய்தார்கள். நேபாளமும் இதே துப்பாக்கியை நம்மிடம் வாங்கியிருந்தது. 2005ல் மாவோயிஸ்டுகள் நடத்திய தாக்குதலில் அவர்கள் வீரர் 43 பேர் இறந்தபோது, துப்பாக்கி சரியாக வேலை செய்யவில்லை என்று நேபாள ராணுவம் சொன்னது. அவர்கள் முறைப்படி பராமரிக்கவில்லை என்று நம் தரப்பு பதில் சொன்னது. 43 பேர் வீட்டுக்கு இரண்டு பதிலும் ஒன்றுதான். 2015ல் நம் மத்திய ரிசர்வ் போலீஸ் படையே நக்சல் பகுதிகளில் இன்சாஸை ஒதுக்கிவிட்டு ஏ.கே.யைக் கையில் எடுத்தது.

அப்படியானால் கூட்டத்தில் சிரித்த அன்பர் சொன்னதுதான் சரியா? இதைப் பெரியவரிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மேஜைமேல் இருந்த தராசுப் படிக்கல்லை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினார். "குழலோட உள்ளளவு ஒரு மயிரிழை தப்பினாலும் ஒதுக்கிடுவோம் நயினாரே. சுட்டுப் பாக்காம ஒண்ணும் வெளிய போகாது. படம் எப்படியோ சாமான் அப்படி" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நான் இரவெல்லாம் யோசித்தேன். வரைந்தவர் புனேயில். செய்தவர் இஷாப்பூரிலும் நவல்பட்டிலும். சுட்டவர் கார்கிலில். மூவருக்கும் நடுவில் எத்தனை மேஜை, எத்தனை கோப்பு! தெ லனாய் நின்ற இடத்தில் நிற்க ஆளில்லை.

எங்கள் தொழிலில் குத்தூசி என்று ஒன்று உண்டு. மூட்டையில் குத்தி இழுத்தால் ஒரு கை மிளகு வரும். ஈரம், பதர், கல் எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் மூட்டை திரும்பிப் போகும். தம்பி கடையில் அண்ணன் வாங்குகிறபோதுதான் குத்தூசி வேலை செய்யாது. ராணுவமும் ராணுவ அமைச்சகத்துப் பிள்ளை, தொழிற்சாலையும் அதே அமைச்சகத்துப் பிள்ளை. வெகுகாலம் ராணுவம் தன் துப்பாக்கியை அந்த வீட்டுக் கடையில்தான் வாங்கவேண்டியிருந்தது. மூட்டையைத் திருப்பி அனுப்ப வழியில்லாதபோது சரக்கின் தரம் எங்கிருந்து உயரும்? குறை நவல்பட்டு பிட்டரின் கையில் இல்லை என்பதே என் முடிவு.

பிற்பாடு ராணுவம் குத்தூசியைக் கையில் எடுத்தது. 2017ல் இஷாப்பூர் செய்த புதிய 7.62 ரைஃபிளை, சோதனையில் குறைகள் இருப்பதாகச் சொல்லித் திருப்பியது. நல்லது. ஆனால் அதற்கு முன் 2011ல் 66,000 வெளிநாட்டுத் துப்பாக்கிக்கு டெண்டர் விட்டு, ஒரே துப்பாக்கியில் இருவகைத் தோட்டாவுக்கும் குழல் மாற்றவேண்டும் என்று யாராலும் சரியாகத் தரமுடியாத நிபந்தனை போட்டு, 2015ல் அதை ரத்தும் செய்தார்கள். வெளிநாட்டுச் சரக்குதான் சரக்கு என்றாலும், என்ன வேண்டும் என்று கேட்கத் தெரியவேண்டுமல்லவா! நான்கு வருஷம் போனதுதான் மிச்சம்.

2019ல் அமெரிக்காவின் சிக் 716 ரைஃபிள் 72,400 வாங்கினார்கள். சுமார் 700 கோடி ரூபாய். வகுத்தால் ஒன்று 97 ஆயிரத்துக்குப் பக்கத்தில். 2024ல் அதே துப்பாக்கி இன்னும் 73,000க்கு ஒப்பந்தம், 837 கோடி. இப்போது ஒன்று 1,15,000ஐ நெருங்குகிறது. டாலர் ஏறியிருக்கும், சாமான்களில் வித்தியாசம் இருக்கும், இருந்தாலும் வியாபாரியின் கண்ணில் அந்த வித்தியாசம் உறுத்தத்தான் செய்யும். ரஷ்யாவின் ஏ.கே.203ஐ நம் நாட்டிலேயே செய்வதற்கு உத்தரப்பிரதேசம் அமேதி அருகே கோர்வாவில் கூட்டுத் தொழிற்சாலை வைத்தார்கள். 2021 டிசம்பரில் 6,01,427 துப்பாக்கிக்கு ஒப்பந்தம், 5,000 கோடிக்கு மேல். இரண்டே மாதத்தில் உக்ரைன் யுத்தம் வெடித்தது. ரஷ்யாவோடு பணப் பட்டுவாடாவே சிக்கலாயிற்று. 2024 ஜூலைக்குள் 35,000 துப்பாக்கிகள் படைக்குப் போய்ச் சேர்ந்தன. கம்பெனியில் பெரும்பங்கு நம்முடையது. ஆரம்பத்தில் பல பாகங்கள் ரஷ்யாவிலிருந்து வந்தாலும் ஒவ்வொன்றாக இங்கேயே செய்யப் பழகிக்கொண்டார்கள். தெ லனாயை வைத்து வார்க்கக் கற்ற கதைதான், இருநூற்றெண்பது வருஷம் கழித்து.

நவல்பட்டும் சும்மா இல்லை. ஏ.கே. வகைத் தோட்டாவுக்கு ஏற்ற திருச்சி அசால்ட் ரைஃபிள் என்று ஒன்றைச் செய்து போலீஸ் படைகளுக்குக் கொடுத்தார்கள். 2021 அக்டோபரில் படைத்தளவாடத் தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது, நவல்பட்டு அவற்றில் ஒன்றின் கீழ் வந்தது. இனி வாடிக்கைக்காரனைத் தேடித்தான் போகவேண்டும். இது பெரியவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. இதில் எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.

கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவரிடம் வாசித்துக் காட்டினேன். டச்சுக்காரரின் 12,000 ரூபாய் வரும் இடத்தை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "உதயகிரியில உலை எந்தப் பக்கம் இருந்துச்சு, அடையாளம் இருக்கா?" என்று கேட்டார். நான் கல்லறையைத்தான் பார்த்தேனே தவிர உலையைத் தேடவில்லை. மழை விட்டதும் இருவருமாக ரயிலேறி, இரணியலில் இறங்கிப் போய்ப் பார்த்து வருவதாக இருக்கிறோம். கூட்டத்தில் சிரித்த அன்பரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.