கைம்பெண்ணின் கலயமும் நம் மல்லாட்டை எண்ணெயும்



விவிலியத்தில் எண்ணெய் என்றால் ஒலிவ எண்ணெய்தான். சமையலுக்கும் அது, விளக்குக்கும் அது, காயத்துக்கு மருந்தும் அது, அரசருடைய அபிஷேகத்துக்கும் அதுவே. ஆகவேதான் தானியம், திராட்சை இரசம், எண்ணெய் ஆகிய மூன்றையும் ஆண்டவருடைய கொடையாக உபாகமம் சேர்த்தே சொல்கிறது. சரெப்தா ஊர்க் கைம்பெண்ணின் கலயத்தில் பஞ்சம் தீரும்வரை எண்ணெய் வற்றாததை நீங்கள் அறிவீர்கள்.

எனக்கோ எலிசேயுவிடம் ஓடி வந்த மற்றொரு கைம்பெண்ணின் வரலாறே பெரிதாய்ப் படுகிறது. கணவன் கடன் வைத்து இறந்துபோனான். கடன்காரன் இரு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். வீட்டில் மிஞ்சியது கொஞ்சம் எண்ணெய். அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொன்னார் தீர்க்கதரிசி. பாத்திரம் உள்ளமட்டும் எண்ணெய் வந்தது. அதை விற்றுக் கடனை அடைத்து, மீதியில் பிழைத்துக்கொள்ளச் சொன்னார். தேவ பராமரிப்பு இங்கே சந்தையில் விலைபோகும் சரக்காக வருகிறது. அண்டை வீட்டார் பாத்திரம் தராவிட்டால் அதுவும் இல்லை!

கல்வராயன் மலையில் இந்த வரலாற்றுக்கு வியாக்கியானம் வேண்டியதில்லை. அங்கே ஜாகீர் முறை 1976 வரை நீடித்தது. கடனுக்காக மனிதரின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தை ஒழித்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே 1976-ல்தான் நிறைவேறிற்று. அச்சட்டம் அந்தக் கடனையே செல்லாததாக்கிற்று. எலிசேயு காலத்துப் பெண்ணுக்கு அந்தச் சலுகையும் இல்லை. முழுக்கடனையும் அடைக்க வேண்டியிருந்தது.

இனி நம் மண்ணின் எண்ணெய்க்கு வருவோம். கள்ளக்குறிச்சியை உள்ளடக்கியிருந்த பழைய தென்னாற்காடு ஜில்லா மல்லாட்டைக்குப் பேர்போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்சு தேசத்து மார்செய்ல் பட்டணத்தில் எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. நம் கோவில்களுக்கு வேண்டிய ஒலிவ எண்ணெயோ கடல் கடந்து இங்கே வர வேண்டியிருந்தது. அவஸ்தைப்பூசுதலுக்கு வேறு எண்ணெய் செல்லாது என்பது அன்றைய ஒழுங்கு. எண்ணெய்ச் சீமையிலே எண்ணெய்க்குக் காத்திருந்தோம்!

2-ம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் இது மாறிற்று. ஒலிவம் விளையாத நாடுகளிலிருந்து வந்த விண்ணப்பங்களை ஏற்று, தாவரங்களிலிருந்து எடுக்கும் வேறு எண்ணெயையும் நோயில்பூசுதலுக்குப் பயன்படுத்தலாம் என்று பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1972 நவம்பர் 30-ல் அறிவித்தார். நம்மில் பலர் இதை இன்னும் அறியார். பிழைப்புக்கு விற்ற எண்ணெய் தேவதிரவிய அனுமானப் பொருளும் ஆயிற்று.

வழக்கமாக, பேராயர் பெரிய வாரத்தில் மந்திரித்த எண்ணெயையே நோயாளிகளுக்குப் பூசுகிறோம். மெய்யான அவசரத்தில் அது கைவசம் இல்லையானால், குருவானவர் சடங்கின்போதே எண்ணெயை மந்திரிக்க ஒழுங்கில் இடமுண்டு. மலைமேல் ஒரு குடிசையில் அப்படி நேர்ந்தால், அந்த வீட்டு அடுப்பங்கரையில் குழம்புக்கு வைத்திருக்கும் மல்லாட்டை எண்ணெயே போதும்.