ரொபெர்டோ கிளெமென்டே

ரொபெர்டோ கிளெமென்டே (18 ஆகஸ்ட் 1934 – 31 டிசம்பர் 1972) புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பேஸ்பால் வீரர். அமெரிக்க மேஜர் லீகில் 1955 முதல் 1972 வரை 18 பருவங்களும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கே ஆடினார்.

இளமை

கரோலினா ஊரில் ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். தந்தை கரும்புத் தோட்டக் கங்காணி. 1954இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் 10,000 டாலர் போனஸ் கொடுத்து அவரை ஒப்பந்தம் செய்து, மான்ட்ரியலில் இருந்த தன் கிளை அணிக்கு அனுப்பியது. 4,000 டாலருக்கு மேல் போனஸ் பெற்றவரை முதன்மை அணியில் வைத்துக்கொள்ளாவிட்டால் பருவ முடிவில் பிற அணிகள் எடுத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய விதி. கடைசி இடம் பிடித்ததால் தேர்வில் முதல் வாய்ப்பு பெற்ற பைரேட்ஸ் அவரை எடுத்துக்கொண்டது.

ஆட்ட வாழ்க்கை

வலப்புற வெளிக்களத்தில் நின்று அவர் எறியும் பந்துக்கு அஞ்சி, ஓட்டக்காரர்கள் அடுத்த தளத்துக்கு ஓடத் தயங்கினர். சிறந்த களத்தடுப்புக்கான கோல்டு குளோவ் விருதை 1961 முதல் தொடர்ந்து 12 ஆண்டுகள் பெற்றார். மட்டையடிச் சராசரியில் நான்கு முறை முதலிடம் பிடித்தார். 1966இல், மேஜர் லீகின் இரு பிரிவுகளுள் ஒன்றான நேஷனல் லீகின் மிகவும் மதிப்புமிக்க வீரராகத் தேர்வானார்.

கறுப்பினத்தவர், ஸ்பானிய மொழி பேசுபவர் என இரு வகையிலும் புறக்கணிப்பைச் சந்தித்தார். புளோரிடா பயிற்சிக் காலத்தில் வெள்ளையர் உணவகங்களில் அவருக்கு இடமில்லை. செய்தியாளர்கள் அவருடைய ஆங்கில உச்சரிப்பை அப்படியே அச்சிட்டுக் கேலி செய்தனர். அவர் இதைப் பொறுத்துப்போகாமல் வெளிப்படையாகக் கண்டித்தார். 1971 செப்டம்பர் 1 அன்று மேஜர் லீக் வரலாற்றில் முதன்முறையாகக் கறுப்பின, லத்தீன் வீரர்களை மட்டுமே கொண்டு களமிறங்கிய பைரேட்ஸ் அணியில் அவரும் ஒருவர்.

அவ்வாண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில் ஏழு ஆட்டங்களிலும் ஹிட் (பந்தை அடித்துத் தளத்தை எட்டுதல்) அடித்து, மட்டையடியில் 0.414 சராசரியுடன் தொடரின் சிறந்த வீரரானார். பைரேட்ஸ் தொடரை வென்றதும் தொலைக்காட்சியில் பெற்றோரிடம் ஸ்பானிய மொழியில் ஆசி கேட்டார். 1972 செப்டம்பர் 30 அன்று 3,000ஆவது ஹிட்டை அடித்தார். வழக்கமான பருவ ஆட்டங்களில் அதுவே அவருடைய கடைசி ஹிட்.

மறைவு

1972 டிசம்பரில் நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவை நிலநடுக்கம் தாக்கியது. முன்பு தான் அனுப்பிய நிவாரணப் பொருள்கள் மக்களைச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, தானே நேரில் கொண்டுசெல்லப் புறப்பட்டார். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய விமானம் சான் ஹுவானிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. அதில் இருந்த ஐவரும் இறந்தனர். கிளெமென்டேயின் உடல் கிடைக்கவில்லை.

நினைவு

ஆட்டத்தை முடித்தபின் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, 1973இலேயே பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தனர். லத்தீன் அமெரிக்காவில் பிறந்து அங்கு இடம்பெற்ற முதல் வீரர் அவரே. பைரேட்ஸ் அவருடைய 21ஆம் எண்ணை வேறு எவருக்கும் வழங்குவதில்லை. சமூகத் தொண்டில் சிறந்த வீரருக்கு மேஜர் லீக் ஆண்டுதோறும் ரொபெர்டோ கிளெமென்டே விருது வழங்குகிறது.