ரஞ்சன்குடிப் போரும் இஸ்லாமியப் போர் அறமும்

பெரம்பலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே போகிறவர்களுக்கு ரஞ்சன்குடிக் கோட்டை சாலையிலிருந்தே தெரியும். ஒன்றுக்கு மேல் ஒன்றாக எழும் மூன்று மதில்கள், அரைவட்டக் கொத்தளங்கள், அகழி. வாலிகண்டபுரம் போர் என்று வரலாற்றில் பதிவான சண்டை 1751இல் இங்குதான் நடந்தது. ஒரு பக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும், மறுபக்கம் முகம்மது அலியின் ஆட்களும் ஆங்கிலக் கம்பெனிப் படையும் நின்றன. ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு உரிமை கோரிய இருவரும் முஸ்லிம்கள்.

இஸ்லாமியப் போர் அறம் பற்றிய பேச்சு பெரும்பாலும் முஸ்லிம், முஸ்லிமல்லாதார் என்ற பிரிவினையைச் சுற்றியே நடக்கிறது. கண்டிப்பவர்களும் சரி, காத்துப் பேசுகிறவர்களும் சரி, அதைத் தாண்டுவதில்லை. ஆனால் அச்சட்ட மரபு தன் மனசாட்சியை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் வேறு. முஸ்லிம்கள் தமக்குள் போரிடும்போது எதைச் செய்யலாகாது, யாரைத் துணைக்கு அழைக்கலாகாது என்று அது வகுத்த பகுதியே அந்த இடம். கர்நாடக நவாபுகள் என்றும் அழைக்கப்பட்ட ஆர்க்காட்டு நவாபுகளின் போர்களை அந்தப் பகுதியை வைத்தே அளக்க வேண்டும் என்பது என் வாதம்.

பதவிச் சண்டைக்கு மதச் சட்டத்தைப் பொருத்துவது தகுமா என்று கேட்கலாம். தகும். அச்சட்டம் பிறந்ததே பதவிச் சண்டையில்தான். 656இல் பஸ்ராவுக்கு அருகே நடந்த ஒட்டகப் போரில் கலீபா அலீ வென்றார். புறமுதுகிட்டவர்களைத் துரத்தவும், காயம்பட்டவர்களைக் கொல்லவும், தோற்றவர்களின் உடைமையைக் கவரவும் அவர் தடை விதித்தார். கிளர்ச்சியாளர் பற்றிய பிற்காலச் சட்டம் முழுவதும் இந்த நடத்தையிலிருந்து கிளைத்தது. 1058இல் மறைந்த ஷாஃபிஈ சட்ட அறிஞர் மாவர்தி, முஸ்லிம் கிளர்ச்சியாளரோடு செய்யும் போர் மற்றப் போர்களிலிருந்து எட்டு வகையில் வேறுபடும் என்கிறார். அவற்றுள் மூன்று நமக்கு முக்கியம்: கைதியைக் கொல்லக்கூடாது, குடியிருப்புகளை எரிக்கக்கூடாது, முஸ்லிமல்லாதாரின் படை உதவியை நாடக்கூடாது.

மூன்றாவதை மேலோட்டமாகப் படித்தால் மதக் காழ்ப்பு போலத் தோன்றும். சட்ட அறிஞர்கள் சொல்லும் காரணத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். இப்போரின் நோக்கம் எதிரியை அழிப்பதல்ல, அவனைத் திரும்ப அழைத்து வருவது. அந்த நோக்கம் இல்லாத கூட்டாளி ஓடுகிறவனையும் துரத்திக் கொல்வான். ஓடுகிறவரைக் கொல்வது கூடும் என்று கருதும் முஸ்லிம்களையும் இதே காரணத்துக்காகத் துணைக்கு அழைக்கக்கூடாது என்றனர் ஷாஃபிஈக்கள். ஆக, இங்கே பார்க்கப்படுவது உதவிக்கு வருகிறவனின் கட்டுப்பாடு. பிற மதத்தவரோடு கூட்டுச் சேர்வதே தவறென்று இம்மரபு கருதியிருந்தால், பதினாறாம் நூற்றாண்டில் பொன்னானியின் ஸைனுத்தீன் மக்தூம், போர்ச்சுக்கீசியரை எதிர்த்து எழுதிய நூலில் இந்து மன்னரான சாமூதிரியின் பக்கம் நின்றிருக்க மாட்டார். இன்னொரு சட்டப் பிரிவினரான ஹனஃபிகள் இந்தத் தடையைக் கொஞ்சம் தளர்த்தினர். மேலாதிக்கம் முஸ்லிம் தரப்பின் கையில் இருக்குமானால் உதவி பெறலாம் என்பது அவர்கள் நிலை.

இனி ரஞ்சன்குடிக்கு வருவோம். இரு தரப்பும் கோட்டையைக் கேட்டுத் தூது விட்டன. கோட்டைத் தலைவரான கில்லேதார் யாருக்கும் பிடிகொடுக்காமல் நாள் கடத்தினார். கம்பெனி வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் தரும் விவரப்படி, பொறுமை இழந்தவர் ஆங்கிலத் தளபதி ஜின்ஜென். அவருடைய ஆட்கள் கீழ்க்கோட்டைக்குள் புகுந்து வீடுகளுக்குத் தீ வைத்தனர். மேல்கோட்டை விழவில்லை. பிறகு பிரெஞ்சுப் படை வந்ததும் கம்பெனியின் ஐரோப்பிய வீரர்களே கலைந்து ஓடினர். முகம்மது அலியின் சகோதரர் அப்துல் வஹாப் கான் அங்கே இருந்தார், ஆனால் எப்போது தாக்குவது, எதைக் கொளுத்துவது என்பதெல்லாம் அவர் கையில் இல்லை. கீழ்க்கோட்டையில் எரிந்தவை எந்த நவாபுக்கும் பகையாகாத குடிகளின் வீடுகள். மாவர்தியின் இரண்டாவது தடை மீறப்பட்டதற்கு மூன்றாவது தடையை மீறியதே காரணம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி தமிழக வரலாற்றில் எனக்குத் தென்படவில்லை.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் கொடியது. 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் முற்றுகையில் சிக்கிய சந்தா சாகிப், முகம்மது அலியோடு சேர்ந்திருந்த தஞ்சைத் தளபதி மானோஜி ஆணையிட்டுக் கொடுத்த வாக்கை நம்பி அவர் பாசறைக்குப் போனார். காரைக்காலுக்குப் பத்திரமாக அனுப்புவதாகச் சொன்னவர் அவரைச் சிறை வைத்தார். கைதியை யாரிடம் ஒப்படைப்பது என்று ஆங்கிலேயர், மைசூரார், மராட்டியர் எல்லாரும் வழக்காடினர். முடிவில் சந்தா சாகிப் கொல்லப்பட்டார், தலை முகம்மது அலிக்குப் போய்ச் சேர்ந்தது. எதிரியின் தலையைக் கொண்டுவந்து காட்டியபோது, இது பாரசீகர், ரோமர் வழக்கம் என்று கலீபா அபூபக்கர் வெறுத்து ஒதுக்கியதாக ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன.

இங்கே ஒரு சட்டச் சிக்கலை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடைக்கலம் கொடுத்தவர் முஸ்லிம் அல்லர். முஸ்லிமல்லாதவர் தாமாகக் கொடுக்கும் அடைக்கலம் முஸ்லிம் தலைவரைக் கட்டுப்படுத்தாது என்று நவாபின் சார்பில் ஒருவர் வாதாடலாம், ஃபிக்ஹு என்னும் சட்ட நூல்களில் அதற்கு ஆதாரமும் காட்டலாம். ஆனால் கைதியைக் கொல்லலாகாது என்ற விதி அப்போதும் அப்படியேதான் நிற்கிறது. மேலும், வாக்குக் கொடுத்தவர் ஒருவர், கொன்றவர் வேறொருவர், பயன் அடைந்தவர் மூன்றாமவர் என்று பொறுப்பு கைமாறிக் காணாமல் போவதற்கு இடம் கொடுத்தது கூட்டணிதான். அறிஞர்கள் அஞ்சியதும் இதற்குத்தான்.

அரியலூர், உடையார்பாளையம் ஆகிய பாளையங்களின் விஷயம் வேறு வகை. அங்கே எதிரில் இருந்தவர்கள் இந்துப் பாளையக்காரர்கள், குற்றச்சாட்டு பேஷ்குஷ் என்ற கப்பத்தின் பாக்கி. நவாப் முகம்மது அலி கம்பெனியின் சென்னைக் கவுன்சிலிடம் படை கேட்டார். அவர் மகன் உம்தத்துல் உமராவும் கம்பெனித் தளபதி காம்ப்பெலும் 1765 ஜனவரியில் அரியலூரைப் பிடித்து, அதே மாதம் உடையார்பாளையத்தையும் வென்றனர். பாளையக்காரர் இருவரும் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்குத் தப்பினர். பேஷ்குஷ், முஸ்லிமல்லாத குடிகள் மீது மதச் சட்டம் விதிக்கும் ஜிஸ்யா வரி அல்ல, அதனால் ஜிஸ்யா விதிகளை இங்கே நேராகப் பொருத்த முடியாது. ஆனாலும் பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஹனஃபி நூலான ஹிதாயா, ஜிஸ்யா கட்ட மறுத்தாலும் முஸ்லிமல்லாத குடிமகனின் பாதுகாப்பு உடன்படிக்கை முறியாது என்கிறது. கட்டும் கடப்பாடு மட்டும் தொடரும். மதச் சட்டம் சுமத்திய வரிக்கே இப்படியென்றால், அரசியல் வழக்கில் வந்த கப்பத்துக்காகக் கோட்டைகளைப் பறித்ததை ஹனஃபி மரபில் நின்று எப்படி நியாயப்படுத்த முடியும்?

கூட்டாளியின் உதவிக்கு ஹனஃபிகள் விதித்த நிபந்தனையும் 1765இல் நிறைவேறவில்லை. படையெடுப்பு நவாபின் பெயரில் நடந்தது, பலமோ கம்பெனியின் பீரங்கிகளில் இருந்தது. பின்னர் நவாபான உம்தத்துல் உமரா 1801 ஜூலையில் இறந்ததும் கர்நாடகத்தின் நிர்வாகத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அவர் படை நடத்தி வந்து பிடித்த இரண்டு பாளையங்களும் அதோடு சேர்ந்து கம்பெனியின் கைக்குப் போயின.