எலும்பினுள் செலுத்தல்

எலும்பினுள் செலுத்தல் என்பது எலும்பின் உட்குழியில் உள்ள மச்சைக்குள் ஊசியைப் பதித்து, அதன் வழியே மருந்து, உப்புநீர், குருதி ஆகியவற்றைக் குருதியோட்டத்தில் சேர்க்கும் மருத்துவ முறையாகும். உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ள நோயாளிக்குச் சிரையில் கேனுலா பொருத்த இயலாதபோதோ, அதற்கு நேரம் போதாதபோதோ இம்முறை கையாளப்படுகிறது.

சிரை கிடைக்காத நிலைகள்

கடும் குருதியிழப்பு, நீரிழப்பு, இதய நிறுத்தம் ஆகியவற்றில் தோலருகே உள்ள சிரைகள் சுருங்கிவிடுகின்றன. தீக்காயம், உடல் வீக்கம், உடற்பருமன், பலமுறை ஊசி ஏற்றப்பட்டுக் கடினமான சிரைகள் ஆகியனவும் தடையாகலாம். கைக்குழந்தைகளில் சிரைகள் இயல்பாகவே மிகச் சிறியவை. இந்நிலைகளில் மீயொலிக் கருவியின் துணையுடன் ஆழமான சிரையைத் தேடுதல், கழுத்தின் வெளிச்சிரையில் கேனுலா ஏற்றுதல் போன்ற வழிகளும் உள்ளன. எனினும் இவற்றுக்குத் தேர்ச்சியும் நேரமும் தேவை.

அடிப்படை

மச்சையில் உள்ள நுண்ணிய குருதிக்குழிகள் எலும்பின் சிரைகளோடு இணைந்துள்ளன. அவற்றைச் சுற்றி உறுதியான எலும்புச் சுவர் இருப்பதால், குருதியழுத்தம் மிகக் குறைந்தாலும் அவை மற்றச் சிரைகளைப் போல் சுருங்கிப்போவதில்லை. சிரைவழி தரப்படும் அவசர மருந்துகளுள் பெரும்பாலானவற்றை அதே அளவில் இவ்வழியே தரலாம்.

வரலாறு

அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் செசில் டிரிங்கர் 1922-இல் மச்சையின் குருதியோட்டத்தை ஆராய்ந்து விளக்கினார். 1940-களின் தொடக்கத்தில் லியாண்ட்ரோ டோகான்டின்சு இம்முறையைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படை மருத்துவப் பணியாளர்கள் மார்பெலும்பு வழியாக இதனைப் பயன்படுத்தினர். பின்னர் நெகிழிக் கேனுலாக்கள் பரவியதால் இம்முறை ஏறத்தாழ மறக்கப்பட்டது.

இந்தியாவில் காலரா கொள்ளைநோயின்போது இம்முறை பயன்பட்டதைக் கண்ட அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சேம்சு ஓர்லோவ்சுகி, 1984-இல் எழுதிய தலையங்கத்தில் இதனை மீண்டும் ஏற்குமாறு வலியுறுத்தினார். அதன் பின் குழந்தைகளுக்கான உயிர்காப்புப் பயிற்சிகளில் இது இடம்பெற்றது. 2004-இல் மின்கலத்தால் இயங்கும் ஈசி-ஐஓ என்னும் சிறு துளைப்பான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதனால் பெரியவர்களின் கடினமான எலும்பிலும் சில நொடிகளில் ஊசியைப் பதிக்க முடிந்தது.

செலுத்தும் இடங்கள்

* முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கால் முன்னெலும்பின் உட்பக்கத் தட்டையான பரப்பு. இங்கு எலும்பு தோலுக்கு மிக அருகில் உள்ளது.
* கணுக்காலுக்குச் சற்று மேலே, அதே எலும்பின் கீழ்முனை.
* தோளருகே மேற்கை எலும்பின் மேல்முனை. இது இதயத்துக்கு அண்மையானது. ஊசி பதித்த பின் கையை உயர்த்தக்கூடாது.
* குழந்தைகளில் தொடையெலும்பின் கீழ்முனை.
* பெரியவர்களில் மார்பெலும்பு. இதற்கெனத் தனிக் கருவி தேவை.

செய்முறை

இடத்தைத் தொட்டு உறுதிசெய்து, கிருமிநீக்கி தடவி, ஊசியை எலும்புக்குச் செங்குத்தாகச் செலுத்துவர். குழந்தைகளில் எலும்பின் வளர்ச்சித் தட்டைத் தவிர்க்க வேண்டும். புறச்சுவர் துளைபட்டதும் தடை திடீரெனக் குறையும். ஊசி பிடிப்பின்றியே அசையாது நிற்கும். மச்சை உறிஞ்ச வராவிட்டாலும் ஊசி சரியான இடத்தில் இருக்கக்கூடும். பின்னர் பெரியவர்களுக்கு 5 முதல் 10 மி.லி. உப்புநீரை வேகமாகச் செலுத்தி, சுற்றிலும் வீக்கம் தோன்றுகிறதா எனப் பார்ப்பர். தொங்கவிட்ட பையிலிருந்து நீர்மம் மெதுவாகவே இறங்குமாதலால், அழுத்தப்பை கட்டி 300 மி.மீ. பாதரசம் வரை அழுத்தம் தரப்படுகிறது.

நினைவுடன் உள்ள நோயாளிக்கு ஊசி குத்துவதைவிட நீர்மம் பாயும்போதே வலி மிகுதி. எனவே முதலில் லிடோகைன் மருந்து மெதுவாகச் செலுத்தப்படுகிறது.

தவிர்க்க வேண்டிய நிலைகள்

அதே எலும்பில் முறிவு, அவ்விடத்தில் தொற்று, செயற்கை மூட்டு, அதே எலும்பில் அண்மையில் செய்யப்பட்ட முந்தைய முயற்சி ஆகியவை இருந்தால் வேறு எலும்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய துளை வழியாக நீர்மம் வெளியே கசியும் என்பதே இறுதிக் காரணத்துக்கு விளக்கம்.

சிக்கல்கள்

ஊசி விலகினால் நீர்மம் தசைக்குள் கசிந்து அழுத்தம் உயர்ந்து, அக்காலுக்கோ கைக்கோ குருதி செல்வது தடைபடலாம். ஆகவே வீக்கத்தை இடையிடையே கவனித்தல் இன்றியமையாதது. எலும்புத் தொற்று அரிது. 1985-இல் வெளியான ஒரு மீளாய்வில் 4,270 நேர்வுகளில் 0.6% அளவே காணப்பட்டது. ஊசியை 24 மணிநேரத்துக்குள் அகற்றிவிட வேண்டும். அதற்குள் சிரைவழி ஒன்றை ஏற்படுத்துவர்.

எப்போது தேர்ந்தெடுப்பது

எலும்புவழி விரைவானது என்பதால் அதையே முதலில் கையாளலாமா என்ற கேள்வி எழுந்தது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற 6,082 பேரிடம் ஐக்கிய இராச்சியத்தில் நடத்தப்பட்ட பாராமெடிக்-3 ஆய்வின் முடிவுகள் 2024-இல் வெளியாயின. 30 நாட்களுக்குப் பின் உயிருடன் இருந்தோர், எலும்புவழி முதலில் முயலப்பட்ட பிரிவில் 4.5%, சிரைவழி முதலில் முயலப்பட்ட பிரிவில் 5.1%. இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று. பெரியவர்களுக்கு முதலில் சிரைவழியை முயல வேண்டும் என்பதே 2025-இல் வெளியான அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டல்களின் நிலைப்பாடாகும்.

எனினும், கிடைக்காத சிரையை மீண்டும் மீண்டும் தேடி நேரத்தை இழப்பதை எவ்வழிகாட்டலும் ஏற்பதில்லை. உயிராபத்தில் உள்ள குழந்தைகளுக்குச் சிரைவழி முயற்சியை இரண்டு முறை அல்லது 5 நிமிடங்களுக்குள் நிறுத்திக்கொள்ளுமாறு ஐரோப்பிய வழிகாட்டல் 2021-இல் பரிந்துரைத்தது. எனவே, பயிற்சி பெற்றவரும் ஊசியும் அவசரப் பிரிவில் எப்போதும் ஆயத்தமாக இருந்தால்தான் இம்முறை உரிய நேரத்தில் பயன்படும்.