துருப்பிடித்த சைலன்சரும் பழைய காரும்: ஒரு சிறிய வரலாறு

சில பழைய கார்கள் தெருமுனையில் திரும்பும் முன்பே அவற்றின் சத்தம் வந்துவிடும். இதற்குப் பெரும்பாலும் இன்ஜின் காரணம் அல்ல. வண்டிக்கு அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்த சைலன்சர்தான் காரணம். அதை மாற்றுவது ஒரு சின்ன வேலை. ஆனால் அமெரிக்காவில் இந்தச் சின்ன வேலையை நம்பியே ஒரு பெரிய தொழில் வளர்ந்தது, பிறகு தேய்ந்தது. அந்த வரலாற்றுக்குள் ஒரு முக்கியமான கேள்வி இருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவருக்குச் செலவும் குறைய வேண்டும், ஊர்க் காற்றும் கெடக்கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்குமா?

சைலன்சர் பிறந்தது

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கொலம்பஸ் என்ற ஊரைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்ற சகோதரர்கள் 1897-ல் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றனர். குதிரை வண்டிகள் ஓடிய காலம் அது. வெடிச் சத்தத்தோடு ஒரு இயந்திரம் தெருவில் வந்தால் யாருக்குப் பிடிக்கும்? நம் ஊரில் சைலன்சர் என்று சொல்வதை அமெரிக்கர்கள் மஃப்ளர் என்பார்கள்.

சைலன்சரின் வேலை சத்தத்தை அடக்குவது மட்டும்தான். ஆனால் அதோடு இணைந்த குழாய்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இன்ஜினிலிருந்து வரும் விஷப்புகையை உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டி வண்டியின் பின்பக்கம் கொண்டுபோய் விடுவதும் அவைதான். நடுவில் ஓட்டை விழுந்தால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் நுழையலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளைக் கொல்லும் சக்தி மட்டும் உண்டு. ஆகவே துருப்பிடித்த குழாயை மாற்றுவது வெறும் சத்தப் பிரச்சனை அல்ல.

துரு எங்கிருந்து வருகிறது?

வெளியிலிருந்து என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அது பாதி உண்மை. 1941-42 குளிர்காலத்தில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் பனியை உருக்கச் சாலையில் உப்புப் போடத் தொடங்கியது. பிறகு மற்ற மாநிலங்களும் அதே வழியில் சென்றன. உப்புநீர் பட்ட இரும்பு வேகமாக அரிக்கும்.

மீதிப் பாதி உள்ளேயே நடக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது! நீண்ட தூரம் ஓடினால் சூட்டில் அது ஆவியாக வெளியேறிவிடும். பக்கத்துக் கடைக்குப் போய்த் திரும்பும் வண்டியில் குழாய் சரியாகச் சூடாவதில்லை. தண்ணீர் சைலன்சருக்குள்ளேயே தங்கிவிடும்.

அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தார்கள். அந்த ஈயம் இன்ஜினுக்குள் படியாமல் இருக்க புரோமின், குளோரின் சேர்ந்த பொருட்களையும் கலந்தார்கள். அவை எரிந்தபின் தண்ணீரோடு சேர்ந்து அமிலமாக மாறின. சாதாரண இரும்புத் தகட்டால் செய்த சைலன்சர் இதை எத்தனை நாள் தாங்கும்? சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆகவேண்டும் என்ற நிலை இருந்தது.

சைலன்சர் கடைகளின் பொற்காலம்

இந்தத் தேவையை நேட் ஷெர்மன் என்பவர் ஒரு தொழிலாக மாற்றினார். 1956-ல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் மைடாஸ் நிறுவனத்தின் முதல் சைலன்சர் கடை திறக்கப்பட்டது. ஜார்ஜியா வெப்பமான தென் மாநிலம். சாலை உப்பு அதிகம் இல்லாத ஊரிலும் சைலன்சர் கடைக்கு வேலை இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வாடிக்கையாளர் அந்தக் காரை வைத்திருக்கும் வரை சைலன்சருக்கு உத்தரவாதம் என்று மைடாஸ் அறிவித்தது. மக்கள் திரண்டார்கள். இது எப்படிக் கட்டுபடியானது? பலர் சில ஆண்டுகளில் காரை விற்றுவிடுவார்கள், அதோடு உத்தரவாதமும் முடிந்துவிடும். இத்தகைய உத்தரவாதங்களில் சைலன்சர் இலவசமாகக் கிடைத்தாலும் குழாய், கிளாம்ப், கூலி ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

1972-ல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் சாம் மைனக்கி தள்ளுபடி விலை சைலன்சர் கடையைத் தொடங்கினார். போட்டியால் விலை இறங்கியது. குழாயை வளைக்கும் இயந்திரம் உள்ள சிறு பட்டறைகள் இன்னும் மலிவாகச் செய்தன. கம்பெனிக் குழாய்க்குக் காத்திருக்காமல், நேர்க்குழாயை அளவெடுத்து வளைத்து, துருப்பிடித்த பகுதியை மட்டும் வெட்டி வெல்டிங் செய்தார்கள். அதிகப் பணம் இல்லாதவர்களின் பழைய கார்களை ஓடவைத்ததில் இந்தப் பட்டறைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

1975: காற்றும் கணக்கில் சேர்ந்தது

1970-ல் வந்த தூய காற்றுச் சட்டம் எல்லாவற்றையும் மாற்றியது. அதை நிறைவேற்ற, 1975 மாடல் முதல் பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் பொருத்தப்பட்டது. பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்களின் உதவியால் விஷவாயுக்களைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றும் கருவி இது.

இங்குதான் பழைய கார்க்காரருக்குச் சிக்கல் தொடங்கியது. சைலன்சர் கெட்டால் மலிவாக மாற்றலாம். கன்வர்ட்டர் கெட்டால்? சிலர் அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை வைத்தார்கள். அதுதான் மிக மலிவான வழி. ஆனால் அந்த மிச்சத்துக்கான விலையைத் தெருவில் நடப்பவர்களின் நுரையீரல் கொடுத்தது. 1977-ல் வந்த சட்டத்திருத்தம் பழுதுபார்க்கும் கடைகள் இப்படிக் கழற்றுவதைத் தடை செய்தது. 1990 திருத்தம் அந்தத் தடையை எல்லோருக்கும் விரிவாக்கியது.

தடை மட்டும் போதுமா? கம்பெனிக் கன்வர்ட்டர் வாங்க வசதியில்லாதவர் என்ன செய்வார்? இதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1986-ல் ஒரு நடுவழி கண்டது. வெளிச்சந்தையில் செய்யப்படும் மலிவான கன்வர்ட்டர்களை அது அனுமதித்தது. அவை 25,000 மைல் வரை ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் 70 சதவீதமும், நைட்ரஜன் ஆக்சைடுகளை 30 சதவீதமும் குறைக்க வேண்டும். புதிய கன்வர்ட்டரின் தரம் இதில் இல்லை. ஆனாலும் வெறும் குழாயைவிட இது எவ்வளவோ மேல். கலிபோர்னியா 2009 முதல் இதைவிடக் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது.

தொழில் தேய்ந்தது

அதே கன்வர்ட்டர்தான் சைலன்சர் கடைகளின் தொழிலையும் பாதித்தது. ஈயம் பட்டால் அது கெட்டுவிடும். ஆகவே ஈயமற்ற பெட்ரோல் வந்தது, அமில அரிப்பும் குறைந்தது. அதன் சூட்டைத் தாங்க 11 சதவீதம் அளவுக்குக் குரோமியம் கலந்த 409 வகை துருப்பிடிக்காத எஃகு பயன்பட்டது. நாளடைவில் பல கார்களில் முழுக் குழாய் வரிசையும் இந்த எஃகில் வந்தது. கார் இருக்கும் வரை சைலன்சரும் இருந்தால் சைலன்சர் கடைக்கு என்ன வேலை? கடைகள் பிரேக், டயர், ஆயில் என்று மாறிக்கொண்டன.

2021-ல் கன்வர்ட்டரில் உள்ள ரோடியம் உலோகத்தின் விலை ஒரு அவுன்ஸுக்கு 20,000 டாலரைத் தாண்டியது. நிறுத்தி வைத்த கார்களின் அடியிலிருந்து கன்வர்ட்டரை அறுத்துச் செல்லும் திருட்டும் அக்காலத்தில் பெருகியது. இதில் அதிகம் வருந்தியவர் யார்? முழுக் காப்பீடு எடுக்காத பழைய கார்க்காரர்தான். அவருடைய காரின் விலையே சில சமயம் புதிய கன்வர்ட்டரின் விலைக்கு அருகில்தான் இருக்கும்.

வரலாறு சொல்லும் பாடம்

குறைந்த செலவில் பழுதுபார்க்கும் வழிகள் இன்றும் பழையவைதான். முழுவதையும் மாற்றாமல் துருப்பிடித்த பகுதியை மட்டும் வெட்டி மாற்றலாம். இன்னும் சில ஆண்டுகளே ஓடப்போகும் வண்டிக்கு அலுமினியப் பூச்சு பூசிய எஃகுக் குழாயே போதும், விலை உயர்ந்த எஃகு வேண்டியதில்லை. கன்வர்ட்டர் நன்றாக இருந்தால் அதற்குப் பின்னால் உள்ள குழாயையும் சைலன்சரையும் மட்டும் மாற்றினால் செலவு வெகுவாகக் குறையும்.

ஆனால் சைலன்சரில் மிச்சம் பிடிப்பது வேறு, கன்வர்ட்டரைக் கழற்றி எறிந்து மிச்சம் பிடிப்பது வேறு. முன்னது சிக்கனம். பின்னது தன் செலவை ஊரார் தலையில் கட்டுவது. 1986-ல் வந்த விதி இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டது. தூய காற்று வேண்டும் என்று சட்டம் போடும் எந்த நாடும், வசதி குறைந்தவர் அந்தச் சட்டத்தை மதிக்க ஒரு மலிவான வழியையும் சேர்த்தே தர வேண்டும். இல்லாவிட்டால் சட்டம் ஏட்டில் இருக்கும், புகை தெருவில் இருக்கும்.