இமை வழிப் பாதைக்கு வெளிச்சம் தந்த படங்கள்

மேலிமையின் மடிப்பில் கீறி, கண்குழியின் கூரை எலும்பில் சிறு சன்னல் திறந்து, மண்டையோட்டு அடித்தளத்தில் இருக்கும் கட்டியை எடுப்பதை இந்த நூற்றாண்டின் சாதனை என்கிறோம். சின்சினாட்டி மருத்துவர்கள் 2008-இல் இமைவழி அணுகுமுறையை விவரித்து எழுதினார்கள். 2010-இல் சியாட்டிலில் எண்டோஸ்கோப்பும் அதே வழியில் நுழைந்தது. ஆனால் பாதை புதிதல்ல. இத்தாலியில் 1937-இல் ஃபியாம்பெர்ட்டியும், வாஷிங்டனில் 1946 ஜனவரியில் வால்டர் ஃப்ரீமனும் கண்குழி வழியாகவே மனநோயாளிகளின் மூளைக்குள் போனார்கள். ஃப்ரீமன் இமையைத் தூக்கி, கண்கோளத்துக்கு மேலே கூரிய கம்பியை வைத்து, சுத்தியலால் தட்டி அந்த மெல்லிய கூரையை உடைத்தார்; பிறகு கம்பியை அசைத்து நரம்பிழைகளை அறுத்தார். உள்ளே ரத்தக் குழாய் கிழிந்தாலும் தெரியாது. ரத்தக்கசிவால் செத்தவர்கள் உண்டு. அன்று மனநோய்க்கு, இன்று கட்டிக்கு, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நோக்கம் வேறுதான். உடைபடும் எலும்பும் அதன் பின்னாலுள்ள ஆபத்தும் ஒன்றே. அன்று அவப்பெயர் எடுத்த வாசல் இன்று மரியாதை பெற்றிருப்பதற்குக் கத்தியைவிட உள்ளே காட்டும் படமே பெரிய காரணம் என்பது என் கட்சி.

சென்னையின் கதை இதற்கு நல்ல சாட்சி. தாம்பரம் காசநோய் சானடோரியம் 1928-இல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கியது. நெஞ்சு எக்ஸ்ரே காசநோய்க்குக் கண்ணாக இருந்ததற்குக் காரணம் எளிது: நுரையீரலில் காற்று இருக்கிறது, அந்தக் கறுப்பில் நோயின் வெள்ளைத் திட்டு தெரிந்துவிடும். மூளைக்கு அந்த வசதி இல்லை. தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணைக்காரர் ஒருவருக்கு நெஞ்சில் நோய் என்றால் பக்கத்திலேயே வைத்தியம். தலைக்குள் கட்டி என்றால் ஏறக்குறைய 30 கி.மீ. தள்ளிப் பெரியாஸ்பத்திரி என்கிற சென்னை அரசுப் பொது மருத்துவமனை. அங்கே 1934 முதல் பர்னார்ட் கதிரியக்க நிலையம் இருந்தது, 1950-இல் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் மண்டையில் துளையிட்டு, மூளை அறைகளின் நீரை இறக்கி, காற்றைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். அமெரிக்காவில் டாண்டி 1918-இல் கண்ட முறை அது. நுரையீரலுக்கு இயற்கை கொடுத்த காற்றை மூளைக்கு ஊசியால் கொடுக்க வேண்டியிருந்தது. நோயாளிக்குத் தலைவலியும் வாந்தியும் மிச்சம். அல்லது கழுத்துத் தமனியில் மருந்தேற்றி ரத்தக் குழாய்களைப் பார்ப்பார்கள். இரண்டிலும் பெரும்பாலும் கட்டி நேரடியாகத் தெரியாது. அறைகளும் குழாய்களும் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கின்றன என்று பார்த்துக் கட்டியை ஊகிப்பார்கள். ஊகத்துக்கு இடம் விட்டுத்தான் மண்டையை அகலமாகத் திறந்தார்கள். அதைப் பழங்காலத்து முரட்டு வைத்தியம் என்பவர்களுக்கு அன்றைய நிலைமை தெரியாது.

லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் 1971-இல் முதல் நோயாளியின் தலையை சி.டி. ஸ்கேன் எடுத்ததும் ஊகம் குறையத் தொடங்கியது. பின்னால் வந்த எம்.ஆர்.ஐ. கட்டியையும் பார்வை நரம்பையும் தனித்தனியே காட்டியது. புருவத்தில் கீறும் சாவித்துளை அறுவையைப் பெர்னெட்ஸ்கி 1990-களில் பரப்பினார்; இமைக்கு இறங்கியது அதற்கு அடுத்த படி. நுண்ணோக்கியும் நுண்துளைக் கருவியும் இல்லாமல் இது நடந்திருக்குமா என்று அறுவை மருத்துவர்கள் கேட்பார்கள். நடந்திருக்காது. ஆனால் நுண்ணோக்கி எதிரில் இருப்பதைத்தான் பெரிதாக்கும்; எந்த இடத்தில் சன்னல் வைப்பது, நெற்றிச் சைனஸ் எவ்வளவு அகலம் என்பதை முன்கூட்டியே சொல்வது படம்தான். தையல் போட்ட பிறகோ நுண்ணோக்கிக்கு வேலையே இல்லை.

அங்கேதான் சிறிய காயம் ஏமாற்றுகிறது. வெளியே மடிப்புக்குள் மறைந்த ஒரு கோடு; உள்ளே என்ன நடந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அறுவைக்குப் பிந்தைய முதல் சி.டி.யில் நெற்றிப் பகுதியில் கொஞ்சம் காற்று, மூளை உறைக்கு வெளியே மெல்லிய நீர்க்கோடு, வீங்கிய இமை, கலங்கிய கண்குழிக் கொழுப்பு, கூரை எலும்பில் இடைவெளி எல்லாம் தெரியும். இவை எதிர்பார்த்தவை. காற்று கூடிக்கூடி முன்மூளையை இருபுறமும் அழுத்தினாலோ, கண்ணின் பின்னால் ரத்தம் தேங்கிக் கோளம் முன்னே தள்ளினாலோ, தசை ஒன்று எலும்பு விளிம்பில் சிக்கினாலோ கதை வேறு. இத்தனை படம் தேவையா, பயமும் செலவும்தானே என்ற ஆட்சேபத்தில் பாதி நியாயம் உண்டு. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்கினால் அதை முதலில் கண்டுபிடிப்பது நர்ஸ் கையிலிருக்கும் டார்ச்சும் ‘விரல் தெரியுதா?’ என்ற கேள்வியுமே. பார்வை மங்கும்போது ஸ்கேனுக்காகக் காத்திருப்பது தவறு. ஆட்சேபத்தின் மறுபாதியை ஏற்க முடியாது. கட்டி மிச்சமிருக்கிறதா என்பதை டார்ச் சொல்லாது. அதற்கான எம்.ஆர்.ஐ.யை வழக்கமாக 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுக்கிறார்கள். தாமதித்தால் ஆறும் திசுவும் மருந்தேற்றிய படத்தில் ஒளிரத் தொடங்கி, மிச்சக் கட்டி போலவே நிற்கும்.

எலும்பு இடைவெளியை அடைக்கக் கொழுப்புத் துண்டு வைத்திருந்தால் இன்னொரு குழப்பம். எம்.ஆர்.ஐ.யின் டி1 படத்தில் அது மருந்தேற்றாமலே வெள்ளையாகத் தெரியும். கொழுப்பின் ஒளியை அடக்கி எடுத்த படத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை விளங்கும். நெற்றிச் சைனஸ் திறந்திருந்தால் சளிப்பை பல ஆண்டு கழித்தும் உருவாகலாம். அதற்குள் நோயாளி ஊர் மாறியிருப்பார், மருத்துவரும் மாறியிருப்பார். ஆகவே அறுவைக் குறிப்பையும் முதல் படங்களின் குறுவட்டையும் வீட்டுக்குப் போகும்போதே கையில் கொடுத்துவிட வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையோரத்து ஸ்கேன் மையத்தில் ஐந்தாண்டு கழித்துப் படம் பார்ப்பவருக்கு, அந்த வெள்ளைத் திட்டு கொழுப்பா கட்டியா என்று தீர்மானிக்க இவற்றைவிட நல்ல துணை கிடையாது.