மராலிங்கா மண்ணைத் தூய்மைப்படுத்தும் பணி

தெற்கு ஆஸ்திரேலியாவின் மராலிங்காவில் பிரிட்டன் 1956–57இல் 7 அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. ஆனால் மண்ணை மிக மோசமாகக் கெடுத்தவை, பின்னர் 1963 வரை நடந்த 'சிறு சோதனைகள்'. டராணாகி என்னும் இடத்தில் சாதாரண வெடிமருந்தால் சிதறடிக்கப்பட்ட சுமார் 22 கிலோ புளூட்டோனியம் காற்றில் பரவிப் பாலைமணலில் படிந்தது. அதன் அரை ஆயுள் சுமார் 24,000 ஆண்டுகள்.

1967இல் பிரிட்டிஷ் படையினர் நிலத்தை உழுது, மேல்மண்ணைப் புரட்டிவிட்டுச் சென்றனர். அதைத் தூய்மைப்படுத்தல் என்பது தகாது. பின்வந்தவர்களின் வேலையை அது கடினமாக்கியது. மெக்லெலண்ட் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 1985இல் முறையான தூய்மைப்படுத்தலைக் கோரியது.

அதன்பின் நடந்த பணியில், வெறுந்தரையில் உட்கார்ந்து, உறங்கி, புழுதியிலேயே பிள்ளைகளை விளையாடவிடும் அப்பகுதியின் அனாங்கு பழங்குடியினரின் வாழ்க்கையை வைத்தே பாதுகாப்பு அளவு கணக்கிடப்பட்டது. புளூட்டோனியத் தூசு மூச்சோடு நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. அதனால் மேல்மண்ணைச் சுரண்டிய இயந்திரங்களின் ஓட்டுநர்கள், வடிகட்டிய காற்று செலுத்தப்பட்ட மூடிய அறைகளில் அமர்ந்து வேலை செய்தனர். அள்ளிய மண்ணை ஆழமான குழிகளில் கொட்டி, அதன்மேல் குறைந்தது 5 மீட்டர் உயரத்துக்குத் தூய மண்ணும் பாறையும் போட்டு மூடினர். பழைய கழிவுக்குழிகளை மின்சாரத்தால் உருக்கிக் கண்ணாடிபோல் இறுகச் செய்யும் முறை, 1999இல் ஒரு குழி வெடித்ததும் கைவிடப்பட்டது.

2000இல் பணி முடிந்தது. செலவு சுமார் 10.8 கோடி ஆஸ்திரேலிய டாலர். புளூட்டோனியத்தைச் சுண்ணாம்புப் பாறை நிலத்தில் ஆழம் குறைவாகப் புதைத்தது போதாது என்று விமர்சித்த அறிவியலாளர்கள் உண்டு. அதுவரை ஒப்படைக்கப்படாமல் எஞ்சியிருந்த சோதனை நிலம் 2009இல் அனாங்கு பழங்குடியினரான மராலிங்கா சாருஜா மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. டராணாகியைச் சுற்றிய ஒரு பகுதியில் வேட்டையாடலாம், கடந்து செல்லலாம். நிலையாகக் குடியிருக்கக் கூடாது.